நான்கடித் தொட்டியில் பீகாக் பாஸ், ஜாகுவார், வுல்ஃப்: அடுத்து என்ன செய்வது?

அம்பத்தூரான் (சென்னை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூரில் சொந்த வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறேன். ஆறேழு ஆண்டுகளாகக் கப்பி, ஏஞ்சல், பிறகு இரண்டு ஆஸ்கர் என்று தொட்டியில் மீன் வளர்த்துப் பழகியவன். ஆஸ்கர் இரண்டும் போன ஆண்டு உறவினர் ஒருவரின் பெரிய தொட்டிக்குச் சென்றுவிட்டன. காலியான தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க மனமில்லாமல், ஐந்து மாதங்களுக்கு முன் கொளத்தூரில் மூன்று பீகாக் பாஸ் குஞ்சுகளும், ஒரு ஜாகுவார் சிச்லிட்டும், ஒரு வுல்ஃப் சிச்லிட்டும் வாங்கி வந்தேன் (மூன்றுமே சிச்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வேட்டை மீன்கள்). அப்போது ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தன. 'மீன் தொட்டிக்கு ஏற்றாற்போலத்தான் வளரும், இந்தத் தொட்டியே இரண்டு வருடத்துக்குப் போதும்' என்று கடையில் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன்.

தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மேலே ஒரு டாப் ஃபில்டரும் உள்ளே இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர்களும் ஓடுகின்றன. இப்போது பீகாக் பாஸ் மூன்றும் ஏழு அங்குலத்தைத் தாண்டிவிட்டன. ஜாகுவாரும் வுல்ஃபும் ஆறு அங்குலம் இருக்கும். ஒரு மாதமாக வுல்ஃப் தொட்டியின் இடது பாதியைத் தனதாக்கிக்கொண்டு, ஜாகுவாரைத் தவிர வேறு யாரையும் அங்கே அண்டவிடுவதில்லை. பீகாக் பாஸ் மூன்றும் வலது மூலையில், டாப் ஃபில்டரின் தண்ணீர் விழும் இடத்துக்குக் கீழே ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. அவற்றில் சிறியதன் வால் துடுப்பு பாதி கிழிந்து, அதன் கண் போன்ற கரும்புள்ளியே சிதைந்துவிட்டது. அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பீகாக் பாஸ் மூன்றும் உயிருள்ள மீனைத் தவிர எதையும் தொடுவதில்லை. வாரந்தோறும் ஐம்பது அறுபது கோல்டு ஃபிஷ் குஞ்சுகள் வாங்கிப் போடுகிறேன். ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்ற அளவில் புதிய தொட்டி செய்தால் ஐந்தும் அதில் சேர்ந்து வாழுமா, முப்பது ஆண்டுப் பழைய முதல் மாடித் தளம் அந்த எடையைத் தாங்குமா, பீகாக் பாஸைத் தீவனத்துக்குப் பழக்க வழி உண்டா என்பவைதான் என் கேள்விகள். தண்ணீர் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருகிறது, டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 900-க்கு மேல், பி.எச். 8-ஐ ஒட்டி இருக்கிறது.

சிறுவாணிக்கரை (கோயம்புத்தூர்) எழுதியது:

தம்பி, மீன் வாடுவதைப் பார்த்து இங்கே வந்து கேட்டிருக்கிறீர்களே, அதற்காக முதலில் மகிழ்கிறேன். இருபது ஆண்டுகளாக இந்தப் பெரிய சிச்லிட்டுகளை வளர்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஐந்தும் சேர்ந்து வாழக்கூடிய ஆறடித் தொட்டி கிடையாது. எட்டடித் தொட்டியிலும் இந்த ஐந்தைச் சேர்த்து வைக்க நான் துணிய மாட்டேன்.

தொட்டிக்கு ஏற்றாற்போல மீன் வளரும் என்பது கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பேச்சு. சிறிய தொட்டியில் மீனின் வளர்ச்சி தேங்குவது உண்மைதான். ஆனால் அது இடத்தைப் பார்த்து மீன் எடுத்த முடிவு அன்று, தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும் கழிவும் ஓயாத அச்சமும் அதன் உடலை ஒடுக்குவதன் விளைவு. முதுகு கூனி, கண் மட்டும் பெரிதாகி, தலைக்கும் உடலுக்கும் பொருத்தமே இல்லாமல் நிற்கும் ஆஸ்கர்களை நீங்களே கடைகளில் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் தேங்கிய மீன் இருக்கும்.

உங்களிடம் இருக்கும் மூன்று இனங்களும் எங்கிருந்து வந்தவை என்று பாருங்கள். வுல்ஃப் சிச்லிட் ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா நாடுகளின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழ்வது. அங்கே அதனைக் குவாபோட்டே என்று அழைத்து, உண்பதற்காகவே தூண்டில் போட்டுப் பிடிக்கிறார்கள். ஆண் மீன் இரண்டடி நீளத்தையும் தாண்டும். 1864-இல் இதனை விவரித்த விலங்கியலாளர் குந்தர், மாதிரிகளை அனுப்பிய கப்பல் தலைவர் டௌ என்பவரின் பெயரால் 'டோவீ' என்று பெயரிட்டார். ஜாகுவாரும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. மனாகுவா ஏரியின் பெயரைத் தாங்கியது. தொட்டியில் சாதாரணமாக ஒன்றேகால் அடி வரை வளரும். இவை இரண்டும் எல்லை பிடித்துக் காவல் காக்கும் மீன்கள். பீகாக் பாஸ் அமேசான், ஓரினோகோ ஆறுகளின் மீன். அது திறந்த நீரில் இரையைத் துரத்தி ஓடி உண்பது. உருவத்தில் பெரியது, வாய் பெரியது. ஆனால் சண்டையில் தன்னில் பாதி அளவுள்ள குவாபோட்டேயிடமும் தோற்றுவிடும். பெரிய வாயை வைத்து முரட்டுத்தனத்தை அளப்பதுதான் இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, நானும் செய்திருக்கிறேன்.

இப்போது தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் பெரிய மீன் வளர்ப்பு என்பது பாதிக்கு மேல் அந்தக் கணக்குதான். போடும் தீவனத்தின் எடையை அதன் புரத விகிதத்தாலும், பிறகு 0.092 என்ற எண்ணாலும் பெருக்கினால், நாளொன்றுக்கு உருவாகும் அம்மோனியா நைட்ரஜனின் அளவு கிடைக்கும் என்பது மீன் பண்ணைக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் வழி. உங்கள் ஐந்து மீன்களும் சேர்ந்து நாளைக்கு 20 கிராம் தீவனம் தின்பதாகவும், அதில் 45 விழுக்காடு புரதம் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 830 மில்லிகிராம் வரும். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது அது சுமார் 3,670 மில்லிகிராம் நைட்ரேட்டாக முடிகிறது. விளிம்பில் விடும் இடைவெளி போக உங்கள் தொட்டியில் 230 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். ஆக, லிட்டருக்கு நாளொன்றுக்கு 16 மில்லிகிராம், வாரத்துக்கு 112. வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினாலும், எஞ்சியதன் மேல் எஞ்சியது ஏறி, சில வாரங்களில் மாற்றுவதற்கு முன் 220, மாற்றிய பின் 110 என்ற நிலையில் போய் நின்றுவிடும். ஆறடித் தொட்டியும் சம்ப்பும் (தொட்டிக்குக் கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) சேர்ந்து 700 லிட்டர் என்றால் அதே கணக்கு 74-க்கும் 37-க்கும் இறங்கும். எட்டுக்கு மூன்றுக்கு இரண்டரை அடியில் 1,500 லிட்டர் ஓடினால் 34, 17. இதுவும் மீன்கள் ஆறங்குலமாக இருக்கும்போது. அவை வளர வளரத் தீவனமும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் தண்ணீரின் பி.எச். 8 என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. அம்மோனியாவின் நஞ்சான வடிவம் பி.எச். 7-இல் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. நம் ஊர் வெப்பத்தில் பி.எச். 8-இல் அது ஏழு பங்கை நெருங்கும். எனவே எனக்குச் சிறுவாணித் தண்ணீரில் ஃபில்டர் ஒருநாள் நின்றால் ஏற்படுகிற சேதத்தைவிட உங்களுக்கு ஏற்படுகிற சேதம் பல மடங்கு. ஃபில்டர் பஞ்சுகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் குழாய்த் தண்ணீரில் கசக்கிக் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே, ஒவ்வொன்றாக, வாரம் விட்டு வாரம் அலசுங்கள். மற்றபடி கடினநீரைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. நடு அமெரிக்க மீன்களுக்கு அது பிறந்த வீட்டுத் தண்ணீரைப் போன்றதுதான். உங்கள் பீகாக் பாஸும் பெரும்பாலும் கெல்பரி அல்லது மோனோகுலஸ் வகையாக இருக்கும், அவையும் பழகிக்கொள்ளும். செவுள் மூடியில் கரும்பட்டைகள் இருந்தால் மட்டும் படம் போடுங்கள். அது டெமென்சிஸ் ஆக இருக்கலாம். கறுப்புநீர் ஆறுகளில் வாழும் அந்த இனம் மூன்றடியை எட்டக்கூடியது, எந்த வீட்டுத் தொட்டிக்கும் உரியதன்று.

என் முடிவு இது. மூன்று பீகாக் பாஸை மட்டும் வைத்துக்கொள்ள விரும்பினால் எட்டடிக்கு மூன்றடியைப் பற்றி யோசியுங்கள். அவ்வளவு முடியாது என்றால் ஜாகுவார் ஒன்றை மட்டும் ஆறடியில், துணையில்லாமல், ராஜாவைப் போல வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உங்கள் முகத்தைப் பார்த்து எதிரே வந்து நிற்கும். அந்த ஒரு மீன் தரும் மகிழ்ச்சியை ஐந்து மீன்கள் நெரிசலில் தராது. வுல்ஃப் எப்படியானாலும் தனியாகப் போக வேண்டும். நாளைக்கே நடுவில் தடுப்பு வையுங்கள்.

விட்டமும்தூணும் (மதுரை) எழுதியது:

எடைக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கட்டுமானத் துறையில் இருக்கிறேன், வீட்டில் ஒரு ஐந்தடித் தொட்டியும் உண்டு.

ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு என்பது 24 கன அடி. விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர், அதாவது 680 கிலோ. 12 மி.மீ. கண்ணாடியில் செய்தால் கண்ணாடி மட்டும் 120 கிலோவுக்கு மேல் வரும். இரும்பு ஸ்டாண்டு, சம்ப்பில் நிற்கும் தண்ணீர், கல் எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னைத் தொட்டுவிடும். அந்த ஒரு டன் பன்னிரண்டு சதுர அடியில் உட்காருகிறது. குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தரக் குறியீடான ஐ.எஸ். 875 சொல்வது. உங்கள் தொட்டி நிற்கும் இடத்தில் அது 900 கிலோவுக்குப் பக்கம் வரும்.

இதைப் படித்தவுடன் தளம் இடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அறையின் மொத்தத் தளமும் இரண்டு டன்னுக்கு மேல் ஏற்கும்படிதான் கணக்கிடப்பட்டிருக்கும், தளமும் சுமையை நான்கு பக்கமும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அறையின் நடுவிலோ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியிலோ, கீழே சுவரில்லாமல் எழுப்பிய தடுப்புச் சுவரின் ஓரத்திலோ வைக்கவே கூடாது. தரைத்தளத்தில் சுவர் இருந்து, அதற்கு நேர் மேலே முதல் மாடியிலும் சுவர் தொடர்கிறதென்றால், அந்தச் சுவரை ஒட்டி நீளவாக்கில் வைப்பதே சிறந்தது. கம்பி துருப்பிடித்து, தளத்தின் அடிப்பூச்சு உப்பியோ உதிர்ந்தோ இருக்கும் முப்பது ஆண்டுப் பழைய வீடு என்றால், என் கணக்கும் இணையத்தில் யாருடைய கணக்கும் உதவாது. ஒரு பொறியாளரை நேரில் அழைத்துவந்து அடிப்புறத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டடித் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 1,700 கிலோ. அதைத் தரைத்தளத்தில் வைக்க இடமிருந்தால் மட்டும் பேசலாம்.

ஸ்டாண்டின் கால்கள் நான்கு முனைகளாகத் தரையில் குத்தி நிற்காமல், அடியில் முழுநீளச் சட்டமாக அமையும்படி செய்யச் சொல்லுங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே தெர்மோகோல் போடும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு மணல் பருக்கையளவு மேடு போதும் அடிக்கண்ணாடி விரிசல் விட.

குமரிக்கடல் (நாகர்கோவில்) எழுதியது:

சிறுவாணிக்கரை அண்ணன் வுல்ஃபைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஓர் இணையை வளர்த்து அதில் பாதியை இழந்தவன் நான்.

எட்டடித் தொட்டியில் ஆண் ஒன்றரை அடி, பெண் ஓரடி. ஆண் நீலம் படர்ந்த வெள்ளி நிறத்தில் புள்ளிகளோடு இருந்தது; பெண் முட்டையிடும் பருவத்தில் மஞ்சளாக மின்னும், நடுவே கறுப்புப் பட்டை ஓடும். தட்டையான ஒரு கடப்பாக் கல்லின் மேல் இரண்டு முறை முட்டையிட்டன. இரண்டும் மாறி மாறி விசிறிக் காவல் காத்து, மூன்றாம் நாள் பொரிந்த குஞ்சுகளை வாயில் அள்ளிக் குழிக்குக் குழி மாற்றியதை நாங்கள் வீட்டோடு உட்கார்ந்து பார்த்தோம். இவ்வளவு கரிசனமுள்ள பெற்றோரை மீன்களில் காண்பது அரிது. மூன்றாவது முறை பெண் ஆயத்தமாகும் முன்பே ஆண் ஆயத்தமாகிவிட்டது. காலையில் அலுவலகம் போகும்போது இரண்டும் அமைதியாக இருந்தன. மாலையில் வந்து பார்த்தால் பெண் ஹீட்டருக்குப் பின்னால் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. இரு பக்கமும் செதில் இல்லை, ஒரு கண் இல்லை. அன்றிரவே போய்விட்டது. தடுப்பை எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எடுத்தது நான்தான்.

அதனால் சொல்கிறேன். தடுப்பு என்பது தற்காலிக ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். குவாபோட்டே வளர்ப்பவருக்கு அது தொட்டியின் ஓர் உறுப்பு. பொய்க்கூரை விளக்குகளுக்கு அடியில் வைக்கும் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டி மலிவாகக் கிடைக்கும். தண்ணீர் தடையின்றி ஓடும், மீன் முட்டினாலும் உடையாது. ஆனால் அதை வெறுமனே நிறுத்தினால் ஆறங்குல வுல்ஃப் ஒரே இரவில் தள்ளிவிடும். கண்ணாடியின் இரு பக்கமும் சிலிகானில் பள்ளம்போல இரு பட்டைகள் ஒட்டி, அதற்குள் தட்டியைச் செருகுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் அண்ணனிடமிருந்து வேறுபடுகிறேன். ஜாகுவார் பெண்ணாக இருந்தால் ஐந்தடிக்கு இரண்டடித் தொட்டியிலும், வாரம் இருமுறை தண்ணீர் மாற்றினால், நலமாகவே வாழும். எல்லோராலும் ஆறடி செய்ய முடியாது.

சிலேத்தார் (சிங்கப்பூர்) எழுதியது:

வணக்கம். பீகாக் பாஸை நான் தொட்டியில் வளர்த்ததைவிடத் தூண்டிலில் பார்த்ததே அதிகம். அதனால்தான் தீவனக் கேள்விக்குப் பதில் சொல்ல வருகிறேன். இங்கே சில நீர்த்தேக்கங்களில் குறிப்பிட்ட கரைகளில், செயற்கை இரையால் மட்டும் மீன் பிடிக்க அனுமதி உண்டு. தகரத் துண்டையும் பிளாஸ்டிக் துண்டையும் பீகாக் பாஸ் பாய்ந்து கவ்வுகிறது. அதன் பசியைத் தூண்டுவது அசைவுதான். அசைந்தால் இரை, அசையாவிட்டால் குப்பை. கீழே விழுந்து கிடக்கும் தீவனத்தை அது உணவாகவே காண்பதில்லை.

ஏழங்குல மீன், உடல் நலமாக இருந்தால் நான்கைந்து நாள் பட்டினி தாங்கும்; கிழிந்த வாலுள்ளது ஆறும் வரை அதனை இதில் சேர்க்காதீர்கள். பிறகு உரித்த கடல் இறாலை நீளவாக்கில் சன்னமான கீற்றுகளாக வெட்டி, டாப் ஃபில்டரின் தண்ணீர் விழும் இடத்தில் ஒவ்வொன்றாக விடுங்கள். அவை அங்கேதான் நிற்கின்றன என்கிறீர்கள், அது நல்லதாகப் போயிற்று. நீரோட்டம் கீற்றைப் புரட்டிக்கொண்டே இறக்கும். தரையைத் தொடுவதற்குள் ஒன்று பாய்ந்து எடுத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. மற்றவை போட்டிக்காகவே பின்பற்றும். இரண்டு வாரம் கழித்து ஊறிய குச்சித் தீவனத்தை அதே கீற்றின் நீளத்தில் இறாலோடு கலந்து விடுங்கள். முதலில் வாயில் வாங்கித் துப்பும். துப்பியதை மறுபடி கவ்வினால் மகிழுங்கள். எடுக்காமல் விட்டதைப் பத்து நிமிடத்துக்குள் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். எனக்கு ஐந்து வாரம் ஆனது; நண்பர் ஒருவருக்கு, தீவனத்துக்குப் பழகிய ஓர் ஆஸ்கரைப் பக்கத்தில் விட்டதால் பத்து நாளில் முடிந்தது.

கோல்டு ஃபிஷ் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அதன் உடலில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கிறது. மாதக் கணக்கில் அதையே தின்னும் மீன் தெம்பிழந்து, நிலை தடுமாறி நீந்தத் தொடங்கும். மேலும், இரைக்கென்று விற்கும் குஞ்சுகள் நெரிசலான தொட்டிகளிலிருந்து வருபவை; வெள்ளைப்புள்ளி நோயும் நங்கூரப் புழுவும் அவற்றோடு சேர்ந்தே வீட்டுக்கு வரும். மொட்டை மாடித் தொட்டியில் நீங்களே பெருக்கிய கப்பியை எப்போதாவது கொடுப்பதில் தவறில்லை. மாட்டு இதயம், கோழி ஈரல் வேண்டாம். மாடு, கோழியின் கொழுப்பு மீனின் ஈரலில் படியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நீர்த்தேக்கங்களில் இருக்கும் பீகாக் பாஸ் எதுவும் இந்த மண்ணுக்கு உரியதன்று. எல்லாம் யாரோ கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை. பனாமாவின் காட்டூன் ஏரியில் 1960களின் பிற்பகுதியில் இந்த மீன் புகுந்த பிறகு அங்கே சாதாரணமாகக் கிடைத்த உள்ளூர் மீன் இனங்களில் பெரும்பாலானவை அற்றுப்போனதை ஸாரெட், பெயின் என்ற ஆய்வாளர்கள் 1973-இல் பதிவு செய்தார்கள். ஃபுளோரிடாவில் 1984-இல் அரசே இதனைக் கால்வாய்களில் விட்டது. அங்கே குளிர்காலத்தில் நீர் 15 பாகைக்குக் கீழே போனால் இது இறந்துவிடும், ஆகவே தென்முனையைத் தாண்டிப் பரவாது என்ற தைரியத்தில் விட்டார்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் எந்த ஏரி அவ்வளவு குளிர்கிறது? இடமில்லை என்று யாராவது ஒருவர் புழல் ஏரியிலோ கொரட்டூர் ஏரியிலோ ஒரு வாளியைக் கவிழ்த்தால், அதைத் தடுக்க அங்கே குளிர்காலம் வராது.

சிறுவாணிக்கரை எழுதியது:

சிலேத்தார் சொன்னதை வழிமொழிகிறேன். நமக்கு இதில் அனுபவம் இல்லாமல் இல்லை. ஜிலேபிக் கெண்டை என்று சந்தையில் வாங்கும் திலாப்பியாவும் ஒரு சிச்லிட்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது 1952-இல் நம் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு, இன்று அது இல்லாத குளத்தைக் காண்பது கடினம். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விட்ட சக்கர் மீன்கள் இப்போது மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அமேசானின் பெரிய மீனான அரபைமா அகப்பட்டது, யாரும் வேண்டுமென்று விட்டதால் அன்று. பண்ணைக் குளங்கள் நிரம்பி வழிந்ததால். நம் மண்ணுக்கென்று இருக்கும் சிச்லிட் மூன்றே இனங்கள், கரிமீனும் அதன் உறவினர் இரண்டும். அவற்றின் குஞ்சுகளுக்கும் கரையோர அயிரைக்கும் இந்த வாயிலிருந்து தப்பிக்கும் வழி தெரியாது.

குமரிக்கடல் தம்பி சொன்ன ஐந்தடியை, பெண் ஜாகுவாருக்கு மட்டும், வாரம் இருமுறை தண்ணீர் மாற்றும் உறுதி உள்ளவருக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆறங்குலத்தில் ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே என் தயக்கம்.

அம்பத்தூரான் எழுதியது:

பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றே தட்டி வாங்கி வந்து, பட்டை ஒட்டி, சிலிகான் காயும் வரை வுல்ஃபை ஒரு பெரிய நீல டிரம்மில் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு வைத்திருக்கிறேன். அது இல்லாத முதல் இரவிலேயே பீகாக் பாஸ் மூன்றும் மூலையை விட்டுத் தொட்டி முழுவதும் நீந்தத் தொடங்கின. கிழிந்த வாலுள்ளதும் நடுவே வந்து நின்றது. ஒரு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அவற்றின் இயல்பே அன்று என்று அப்போதுதான் புரிந்தது.

பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். கூடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி ஆறடித் தொட்டி வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். ஆகவே ஜாகுவாரை மட்டும் வைத்துக்கொள்வதென முடிவு செய்துவிட்டேன். பீகாக் பாஸ் மூன்றையும் செங்கல்பட்டுப் பக்கம் பன்னிரண்டடிச் சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஏற்றுக்கொள்கிறார், வால் ஆறியதும் கொண்டுபோக வேண்டும். வுல்ஃபுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. கிடைக்கும் வரை தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். இரண்டு சந்தேகங்கள் எஞ்சியிருக்கின்றன. வாரம் 350 லிட்டர் தண்ணீர் மாற்றுவது கோடையில் எங்கள் பகுதியில் எளிதன்று. 2019-இல் ஆழ்குழாய்க் கிணறே வற்றிவிட்டது. மற்றொன்று, புயல் நாட்களில் மின்சாரம் இல்லாமல் போவது. மிக்ஜாம் புயலின்போது எங்களுக்கு இரண்டு நாட்கள் மின்சாரம் இல்லை.

சிறுவாணிக்கரை எழுதியது:

நல்ல முடிவு, தம்பி. ஒற்றை ஜாகுவாருக்கு 350 லிட்டர் தேவைப்படாது. வயது வந்த மீனுக்கு நாளைக்குப் பத்து கிராம், வாரத்தில் ஒருநாள் பட்டினி என்று வைத்தால், மேலே சொன்ன கணக்கில் பாதிக்கும் குறைவாகவே கழிவு சேரும். வாரம் 200 லிட்டர் போதும். எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மொட்டை மாடிக்கு ஏற்றி வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள். நைட்ரேட் அவற்றுக்கு உரம். லாரித் தண்ணீர் வாங்கும் நாட்களில் குளோரின் இருக்கும் என்பதால், குளோரினை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) கலந்து சற்று நேரம் விட்டுத்தான் தொட்டியில் சேர்க்க வேண்டும். தண்ணீரே கிடைக்காத வாரத்தில் மாற்ற முடியவில்லையே என்று தவிக்காமல் தீவனத்தை நிறுத்திவிடுங்கள். பெரிய சிச்லிட் பத்து நாள் பட்டினியை எளிதாகக் கடந்துவிடும். அழுக்குத் தண்ணீரைக் கடக்காது.

மின்சாரம் நிற்கும்போது முதலில் தட்டுப்பாடாவது ஆக்சிஜன். 30 பாகை நீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் அது கரைந்து நிற்கும். வெப்பம் ஏற ஏற அதுவும் குறையும். மீன் மேற்பரப்பில் வாயை வைத்துக்கொண்டு நின்றால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள் என்று பொருள். இன்வெர்ட்டரில் மோட்டாரை மாட்டாதீர்கள், பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும். சில வாட் மட்டுமே எடுக்கும் ஏர் பம்பை மாட்டி, அதில் இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர்களை எப்போதும் ஓடவிட்டிருங்கள். பாக்டீரியாவும் பிழைக்கும், மீனும் மூச்சுவிடும். மின்சாரம் வந்ததும் நாள்கணக்கில் நின்றுபோன சம்ப்பை அப்படியே இயக்கிவிடாதீர்கள். உள்ளே அழுகிய தண்ணீரை முழுக்க வெளியேற்றிய பிறகே ஓடவிடுங்கள்.

செங்கல்பட்டுப் பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீகாக் பாஸை வலையால் அள்ளாதீர்கள், முதுகு முட்கள் வலையில் சிக்கித் துடுப்பு கிழியும். தண்ணீரை ஓரடிக்கு இறக்கி, அகலமான பிளாஸ்டிக் தொட்டியைச் சாய்த்து மீனை உள்ளே ஓட்டி, தண்ணீரோடு சேர்த்துத் தூக்குங்கள். முதல்நாள் தீவனம் வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனி மூடியுள்ள டிரம்மில், பேட்டரி ஏர் பம்போடு, விடியற்காலையில் கிளப்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மூடியைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். அவை எம்பிக் குதிக்கும் உயரம் உங்களுக்கு இன்னும் தெரியாது.